கடதாசிக் காணி வழக்கு

கணினிக்குள் இருக்கும் ஏதோ ஓர் ஊரில் தான் வாங்கிய வீட்டை அநியாயமாகப் பறித்துவிட்டார்கள் என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் வழக்குப் போட்டாராம். பத்திரிகையில் அந்தச் செய்தியை வாசித்துவிட்டு நான் வேலை செய்யும் கந்தோரில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுவரில்லாத வீடு, போக வழியில்லாத ஊர், அதற்கு ஒரு நீதவானும் இரண்டு சட்டத்தரணிகளுமா என்று ஒருவர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். வேலை வெட்டி இல்லாத சனம் என்றார் இன்னொருவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. "எந்தச் சட்டப்படி தீர்ப்புச் சொல்லுவினமாம்?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. தெரியவேண்டும் என்றும் யாருக்கும் படவில்லை. ஆனால் இல்லாத ஒரு காணிக்கு இருக்கிற சட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்ன ஒரு சபைக்கு முன்னால் நான் சாட்சி சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கணினி என்ற ஒன்றைக் கண்ணால் கண்டதுகூட இல்லை.

தொண்ணூறுகளின் முதற்பாதி, சண்டைக் காலம் அது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் கொலனிகளில் ஒன்று எங்களுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு அரசாங்கம் மூன்று ஏக்கர் வயலும் ஒரு துண்டு மேட்டுக்காணியும் கொடுத்து, அதற்குப் பெமிற் என்ற ஓர் அனுமதிப்பத்திரமும் கொடுத்திருந்தது. காணியை விற்கக்கூடாது, பிரிக்கக்கூடாது, குத்தகைக்கு விடக்கூடாது, பயிர் செய்யாமல் போடக்கூடாது என்று அந்தப் பெமிற்றின் பின்பக்கம் முழுக்க நிபந்தனைகள். ஊரில் ஒருவராவது அந்தப் பின்பக்கத்தை வாசித்திருப்பார்களா என்பது சந்தேகம். பெமிற் இருப்பவர் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருப்பார், வயலை வேறொருவர் குத்தகைக்குச் செய்வார். அதுதான் நடப்பு. அதில் யாரும் குற்றம் கண்டதில்லை.

என் அப்பாவும் அப்படித்தான் செய்தார். தாத்தாவின் பெமிற் சட்டப்படி மூத்த மகனான பெரியப்பாவுக்குப் போய்விட்டது. இரண்டாவது மகனான அப்பாவுக்குக் கையில் ஒன்றும் இல்லை. கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரின் தம்பி யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்தார். அவருடைய மூன்று ஏக்கரை அப்பா பதினொரு வருடங்களாகக் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். அப்பாவின் கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும் என்பதால் சங்கத்தின் செயலாளரும் அவர்தான்.

நாங்கள் பன்னிரண்டு பேர் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு அடுத்தது என்ன என்று தெரியாமல் இருந்தோம். பல்கலைக்கழகம் போவதென்றால் எந்தப் பாதையால் போவது, வெளியே போக யாரிடம் பாஸ் எடுப்பது என்பதே பெரிய கேள்வி. பெறுபேறும் வரும் வரும் என்றார்கள், வரவில்லை. வாசிகசாலைக்கு வரும் பத்திரிகை ஒரு கிழமை பழசு. அதையும் நாலு தரம் வாசித்து முடித்த பிறகுதான் ஊர் விளையாட்டுத் தொடங்கியது.

பழைய சீமெந்துப் பைகளின் உட்தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டி வாசிகசாலையின் நீள மேசையில் விரித்தோம். அதில் ஒரு குளம், அதன் தண்ணீரைத் திறந்துவிட ஒரு துருசு, துருசிலிருந்து ஒரு வாய்க்கால், வாய்க்காலின் இரண்டு பக்கமும் பன்னிரண்டு காணிகள். ஊருக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் எழுதிய வரைபடம் யாருடைய கையில் இருந்தாலும் கேள்வி வரும் காலம் அது. ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும் தாயம் விளையாடும் ஆறு சோகிகளை எறிவோம். எத்தனை சோகி வாய் திறந்து விழுகிறதோ அவ்வளவு மழை. ஆறு ஞாயிறு ஒரு போகம். உழுவதா, விதைப்பதா, கிணறு வெட்டுவதா என்று அவரவர் முடிவைச் சொல்லி ஒரு கொப்பியில் பதிந்து கையெழுத்து வைக்க வேண்டும். கையெழுத்து வைக்காத காணிக்குத் தண்ணீர் இல்லை. அது எங்கள் வட்டவிதானையார், அதாவது ஊரில் வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுபவர், உண்மையான வயல்களுக்கு வைத்திருந்த சட்டம். அவருடைய மகனும் எங்களில் ஒருவன், அதனால் அந்தச் சட்டம் அப்படியே விளையாட்டுக்குள் வந்துவிட்டது.

பெமிற்றும் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். சவர்க்காரப் பெட்டி மட்டையை வெட்டிப் பன்னிரண்டு பெமிற் செய்தோம். அசலாக இருக்கவேண்டும் என்று பெரியப்பாவின் பெமிற்றை இரவல் வாங்கி, நிபந்தனைகளை வரிக்கு வரி பார்த்து எழுதியவள் நான். அதை இன்றைக்கு நினைத்தாலும் என் கையில் நானே ஒன்று போடவேண்டும்போல இருக்கிறது. எல்லோரும் சிரித்துக்கொண்டு வாங்கினார்கள். ஒருவரும் வாசிக்கவில்லை.

சீட்டுக் குலுக்கியபோது வாய்க்காலின் கடைசியில், தண்ணீர் போய்ச் சேராத காணி என் சிநேகிதிக்கு விழுந்தது. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓடிவந்த குடும்பம் அவளுடையது. அன்றிலிருந்து வாய்க்கால் றிசேவில், அதாவது வாய்க்கால் கரையில் அரசாங்கம் ஒதுக்கிவைத்த நிலத்தில், மண்வீடு கட்டி இருந்தார்கள். பதினாறு வருடம். பெமிற்றும் இல்லை, கடிதமும் இல்லை. எழும்பச் சொன்னால் எழும்ப வேண்டியதுதான். அவளுடைய அப்பா எங்கள் வயலில், அதாவது தலைவரின் தம்பியின் வயலில், கூலிக்கு வேலை செய்தார்.

மற்றவர்கள் பெமிற்றில் தங்கள் பெயரை எழுதினார்கள். அவள் அப்பாவின் பெயரை முழுப் பெயராக, தகப்பன் பெயரோடு எழுதினாள். "வீட்டுக்குப் பெரியவுக பேர்லதானே காணி இருக்கணும்" என்றாள். எங்களுக்கு அது விளையாட்டு, அவளுக்கு அப்படி இருக்கவில்லை என்பது எனக்கு அன்றே கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கடைசிக் காணியை வைத்து அவள் எங்கள் எல்லோரையும் தோற்கடித்தாள். மேல் வயல்களிலிருந்து கழிந்து வரும் தண்ணீர் எந்த நேரம் எந்தப் பக்கம் ஓடும் என்பது அவளுக்குத் தெரியும். அது தினமும் அவள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் காட்டுக்குள் போய் வீணாகும். சீமெந்துத் தாளில் அவள் ஒரு கழிவு வாய்க்கால் வெட்டி, அதன் முடிவில் ஒரு சின்னக் குட்டை கீறினாள். அந்தச் சிறுபோகத்தில் மூன்று ஞாயிறு தொடர்ந்து சோகி குப்புறவே விழுந்தது. பதினொரு காணியும் கருகிப்போயின. அவளுடையது பச்சை. விதைநெல்லுக்கு எல்லோரும் அவளிடம் போய் நின்றோம். அவள் சிவப்புப் பென்சிலால் ஓட்டு வீடு கீறினாள், கட்டுக் கிணறு கீறினாள், வாழை வைத்தாள். வீட்டுக்கு முன்னால் ஒரு சின்னச் சதுரம் கீறி அப்பாவுடைய கதிரை என்று எழுதினாள்.

வட்டவிதானையாரின் மகனுடைய காணி துருசுக்குப் பக்கத்தில். முதல் தண்ணீர் தனக்கு என்ற நினைப்பில் குட்டையும் வெட்டவில்லை, கிணறும் வெட்டவில்லை. அவனுக்கு அவளுடைய பச்சையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு இருப்பான்.

அடுத்த காலபோகம் தொடங்கியதும் அவளுக்கு மலேரியா வந்தது. பார்க்கப் போனேன். மூன்று சாக்கைப் போர்த்திக்கொண்டு பல்லடிக்க நடுங்கியபடி, "என் காணிக்குத் தண்ணி விட்டியா?" என்றுதான் முதலில் கேட்டாள். "நான் பாக்கிறன், நீ படு" என்றேன். நாலு ஞாயிறு அவளுக்காக நான் விளையாடினேன். களை பிடுங்கினேன், தண்ணீர் விட்டேன், விளைச்சலை அவள் கணக்கிலேயே பதிந்தேன். ஒரு நெல்மணி நான் எடுக்கவில்லை. கொப்பியில் கையெழுத்து வைக்கும்போது அவளுடைய கையெழுத்தைக் கள்ளமாகப் போடாமல் என்னுடைய கையெழுத்தைப் போட்டேன். அதுதான் நேர்மை என்று நினைத்தேன்.

ஐந்தாம் ஞாயிறு வட்டவிதானையாரின் மகன் கொப்பியைத் தூக்கிப் பிடித்தான். "காணிக்காரர் செய்யேல்லை. வேற ஆளிட்ட குடுத்துச் செய்விச்சிருக்கு. இது குத்தகை. பெமிற் வெட்டவேணும்" என்றான்.

"அவளுக்குக் காய்ச்சல் எண்டு உமக்குத் தெரியாதோ?" என்றேன்.

"தெரியும். நிபந்தனையையும் எனக்குத் தெரியும். நீர்தானே எழுதினனீர்?" என்றான். பன்னிரண்டு பேரில் அந்த மட்டையின் பின்பக்கத்தை வாசித்தவன் அவன் ஒருவன்தான். அவளுக்குக் காய்ச்சல் வந்த பிறகு வாசித்திருக்கிறான்.

இரண்டு ஞாயிறு சண்டை பிடித்தோம். ஆறு பேர் அந்தப் பக்கம், ஆறு பேர் இந்தப் பக்கம். விளையாட்டே நின்றுபோயிற்று. அப்போது யாரோ, சங்கத்தில் கேட்போம் என்றார்கள். எங்கள் ஊரில் மாடு பயிர் மேய்ந்தாலும், வரம்பை ஒருவர் ஒரு சாண் தள்ளிப் போட்டாலும், தண்ணீர் முறை பிசகினாலும் சங்கத்தின் ஐந்து பேர்தான் விளக்கம் வைத்து விசாரித்துத் தீர்ப்பார்கள். காணிப் பிணக்கு என்றால் சங்கம், அதற்கு மேல் எங்களுக்கு யோசனை ஓடாது. நானும் சரி என்றேன். ஐந்து பெரிய மனிதர், நோயாளிப் பிள்ளையின் பக்கம்தானே நிற்பார்கள் என்று நம்பினேன். இல்லாவிட்டால் போய் வேறு வேலையைப் பாருங்கோ என்று துரத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை.

அவர்கள் வழக்கை எடுத்தார்கள்! இன்றுவரை எனக்கு ஆறாதது அதுதான். தலைவர், என் அப்பா உட்பட ஐந்து பேரும் சால்வையோடு வந்து கதிரைகளில் உட்கார்ந்தார்கள். பனங்கட்டித் தேத்தண்ணி வந்தது. சீமெந்துத் தாளை மேசையில் விரித்தோம். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குளத்தையும் வாய்க்காலையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சவர்க்கார வாசம் போகாத அந்த மட்டைப் பெமிற்றை வாங்கிப் பின்பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். உண்மையான பெமிற்றின் பின்பக்கத்தை அவர் தன் வாழ்நாளில் அப்படி வாசித்திருக்க மாட்டார்.

"பிள்ளை, இந்தக் கையெழுத்து ஆற்ற?" என்று என்னைக் கேட்டார்.

"என்ர."

"காணி ஆற்ற பேரில?"

"அவளின்ர அப்பான்ர பேரில."

"அப்ப காணிக்காரன் செய்யேல்லை."

"அவளுக்கு மலேரியா ஐயா. நாலு கிழமை எழும்பேலாமல் கிடந்தவள்."

"மலேரியா எண்டு இதில ஓரிடத்திலயும் எழுதியிருக்கேல்லையே."

"இது விளையாட்டு ஐயா!"

"விளையாட்டெண்டால் எங்களிட்ட ஏன் கொண்டுவந்தனீங்கள்?" என்றார். ஐந்து பேரும் சிரித்தார்கள்.

என் சிநேகிதி கதவடியில் நின்றாள். காய்ச்சலில் பாதியாகிப் போயிருந்தாள். அவளை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. விளைச்சல் யாருடைய பக்கம் பதியப்பட்டிருக்கிறது என்று பார்க்கவும் இல்லை. பெமிற்றில் பெயர் எழுதப்பட்டிருந்த அவளுடைய அப்பா, தன் பெயரில் ஒரு வழக்கு நடக்கிறது என்பதே தெரியாமல், அந்தப் பின்னேரம் தலைவரின் தம்பியின் வயலில், என் அப்பாவின் குத்தகையில், புல்லுப் பிடுங்கிக்கொண்டு நின்றார். அந்த மூன்று ஏக்கரைப் பற்றி நன்றாகத் தெரிந்த இரண்டு பேர், தலைவரும் என் அப்பாவும், பக்கத்தில் பக்கத்தில் இருந்து குத்தகை கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். அவர்களுக்கு முகம்கூடக் கோணவில்லை. கடதாசியில் நீதி செய்வதற்குச் செலவு இல்லைத்தானே.

அப்பா தன் அழகான கையெழுத்தில் கூட்டறிக்கைப் புத்தகத்தில் எழுதினார். இன்னாருடைய மகன் இன்னார், தன் பெயரில் உள்ள மூன்று ஏக்கர் வயற்காணியை நிபந்தனைக்கு மாறாகப் பிறர் செய்கைக்கு விட்டமை விசாரணையில் நிரூபிக்கப்பட்டமையால், அவருடைய அனுமதிப்பத்திரம் இரத்துச் செய்யப்படுகிறது. ஒருவர் பிரேரிக்க, ஒருவர் ஆமோதிக்க, ஏகமனதாக நிறைவேறியது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "விளையாட்டுக் காணி எண்டு ஏன் எழுதேல்லை அப்பா?"

"அப்பிடி எழுதேலுமே பிள்ளை? நாளைக்குக் காணிக் கந்தோரில இருந்து வந்து புத்தகத்தைப் பாத்தால் என்ன நினைப்பினம்? வளந்த மனுசர் கடதாசிக்கு விளக்கம் வைச்சவை எண்டு சிரிக்க மாட்டினமே?" என்றார். வெட்கம்! கடதாசிக்கு விளக்கம் வைத்தது வெட்கமில்லை, அதை உள்ளபடி எழுதுவது வெட்கம்.

அதற்குப் பிறகு ஊர் விளையாட்டை யாரும் சேர்ந்து விளையாடவில்லை. தீர்ப்பு நாளன்றே அவளுடைய பச்சைக் காணி திரும்பச் சீட்டுக்குப் போய், அவனுக்கே விழுந்தது. ஒரு ஞாயிறு அவன் தனியாக இருந்து சோகி எறிந்துகொண்டிருந்ததைக் கண்டேன். நல்லாய் இரும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்று மாதம் போயிருக்கும். காணி இல்லாதவர்களுக்குக் காட்டை வெட்டி அரை ஏக்கர் வீதம் மேட்டுக்காணி கொடுக்கப்போகிறார்கள் என்று காணிக் கந்தோரிலிருந்து அறிவித்தல் வந்தது. சங்கத்தின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். என் சிநேகிதியின் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு படிவத்தோடு போனார். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அவருக்கு ஒரு துண்டு நிலம் கிடைக்கும் வழி. அவருக்குத் துணையாக அவளும் நானும் போனோம்.

தலைவர் படிவத்தில் பெயரைப் பார்த்தார். பிறகு கூட்டறிக்கைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"உனக்குச் சிபாரிசு தரேலாது. உன்ர பேரில ஒரு தீர்ப்பு இருக்கு. மூண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு விட்டு, பெமிற் வெட்டுப்பட்டிருக்கு" என்றார்.

"மூணு ஏக்கரா? எனக்கா?" அந்த மனிதர் சிரித்துவிட்டார். "எங்க இருக்குன்னு சொல்லுங்கய்யா. போயி ஒரு வாட்டி பாத்துட்டாவது வர்றேன்."

"ஐயா, அது எங்கட விளையாட்டு! நீங்கள்தானே விளக்கம் வைச்சனீங்கள்!" என்று நான் கத்தினேன்.

"எனக்குத் தெரியும் பிள்ளை, தெரியாமல் சொல்லேல்லை. ஆனால் புத்தகத்தில அப்பிடி இல்லையே. மேல இருக்கிறவை புத்தகத்தைத்தான் பாப்பினம். நிறைவேறின கூட்டறிக்கையைத் திருத்திறதுக்கு எங்களுக்கு அதிகாரம் இல்லை."

தெரியும் என்றார், பாருங்கள். தெரியாமல் செய்திருந்தால் நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன். கொடுக்கப்போகும் துண்டுகளைவிடக் கேட்டு வந்த பெயர்கள் அதிகம். ஒரு பெயரை வெட்டுவதற்கு ஒரு காரணம் வசதியாகக் கையில் கிடைத்தது. வெட்டினார்கள். அதுவும் கேட்க நாதியில்லாத பெயர்.

அன்று வீட்டில் அப்பாவோடு பெரிய சண்டை. ஒரு வரி சேர்த்து எழுதுங்கோ என்று கேட்டேன், கெஞ்சினேன். தலைவர் ஒப்புக்கொள்ளாமல் தான் எழுத முடியாது என்றார். தலைவருடைய தம்பியின் வயலில் நிற்கும்போது தலைவரோடு முட்டக்கூடாது என்று அவர் வாயால் சொல்லவில்லை. எனக்கு விளங்கியது.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஊர் முழுக்க வந்திருந்தது. சிபாரிசுப் பட்டியலை அப்பா வாசித்தார். என் சிநேகிதியின் அப்பாவுடைய பெயர் இல்லை. பின்வரிசையில் இருந்து நான் எழும்பினேன்.

"தலைவர் ஐயா, குத்தகைக்கு விட்டால் பெமிற் வெட்டுறதுதான் சங்கத்தின்ர சட்டமோ?"

"ஓம் பிள்ளை. அதில என்ன சந்தேகம்?"

"அப்ப உங்கட தம்பியின்ர பெமிற்றையும் வெட்டுங்கோ. அவர் யாழ்ப்பாணத்தில இருக்கிறார். அந்த மூண்டு ஏக்கரையும் பதினொரு வருசமா என்ர அப்பா குத்தகைக்குச் செய்யிறார். அவரும் உங்களுக்குப் பக்கத்தில இருக்கிறார், கேளுங்கோ!"

அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் குத்தகைக்கு விட்டவர்கள், மற்றப் பாதி குத்தகைக்கு எடுத்தவர்கள். அப்பா பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். தலைவர் கோபப்படவே இல்லை. ஒன்றும் தெரியாத பிள்ளைக்கு விளங்கப்படுத்துவதுபோல மெதுவாகச் சொன்னார்.

"அது வேற பிள்ளை. அது உண்மையான காணி."

முன்வரிசையில் சில தலைகள் ஆடின. அவ்வளவுதான், பட்டியல் நிறைவேறியது. உண்மையான காணிக்கு இரக்கம் உண்டு, வழக்கம் உண்டு, கண்டும் காணாமல் விடுவது உண்டு. எழுதிய சட்டம் எழுதியபடி நடப்பது ஒரு தாளில் கீறிய காணிக்கு மட்டும். அந்தத் தீர்ப்பை எடுத்து ஓர் உண்மையான மனிதனின் கழுத்தில் போடலாம். இதைச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை, இப்போது வருகிறது. கேட்பதற்கு அவர்கள் யாரும் இல்லை.

ஆனாலும் வீட்டுக்கு வரும்போது நெஞ்சு நிமிர்த்தித்தான் நடந்தேன். ஊரில் யாரும் சொல்லத் துணியாததைச் சொன்னவள் நான் என்ற எண்ணம். அந்த நிமிர்வு ஒரு கிழமை இருந்தது. ஒரு கிழமையில் தலைவரின் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. இப்படிப் பகிரங்கமாகக் கதை வந்த பிறகு காணியைப் பிறத்தியாரிடம் விட்டுவைக்கப் பயமாக இருக்கிறதாம். இனித் தமையனே சொந்தப் பொறுப்பில் பார்ப்பாராம். தலைவர் தன்னுடைய ஆட்களை இறக்கி உழுதார்.

அப்பா என்னை அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. "நீ சொன்னது உண்மைதான். ஆனால் என்ர மூண்டு ஏக்கரை வைச்சுச் சொல்லிப்போட்டாய்" என்றார். பிறகு ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. அவருடைய அழகான கையெழுத்துக்காகப் பரந்தன் பக்கம் ஒரு கடையில் கணக்குப்பிள்ளை வேலை கிடைத்து, தினமும் சைக்கிளில் போய்வந்தார். எங்கள் வீட்டில் அடுப்பு அணையவில்லை.

தலைவர் ஆட்களை இறக்கிய மறுநாள்தான் என் சிநேகிதியைத் தேடிப் போனேன். நடந்ததை என் வாயால் சொல்லவேண்டும் என்று ஆசை. பொய் சொல்லவில்லை, அவள் என்னைப் பாராட்டுவாள் என்றும் எதிர்பார்த்தேன். வாய்க்காலில் இறங்கி நின்று உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். சவர்க்காரம் இல்லை, வெறும் தண்ணீரில் கல்லில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டத்துல நின்னு பேசினியாமே. ஊரே சொல்லுது" என்றாள்.

"ஓம். விடுவனே? நல்லாக் குடுத்தனான்."

"புத்தகத்துல இருக்கிற எங்கப்பா பேர எடுத்துட்டாங்களா?"

"இல்லை."

"அந்த வயலு?"

"தலைவர் எடுத்துப்போட்டார்."

"அப்ப எங்கப்பா நாளைக்கு எங்க வேலைக்குப் போறது?"

தலைவர் தன் ஆட்களை இறக்கியபோது என் அப்பாவின் குத்தகை போனதை மட்டும்தான் நினைத்திருந்தேன். அந்த வயலில் தினமும் குனிந்து நின்றவர் யார் என்று அதுவரை என் புத்தியில் ஏறவில்லை. "நான் உங்களுக்காகத்தானே கதைச்சனான்" என்றேன்.

அவள் ஒரு சட்டையைப் பிழிந்து உதறினாள். அவளுடைய அப்பாவின் சட்டை.

"அவுங்க எங்கப்பாவக் கூப்பிட்டு ஒரு வார்த்த கேக்காம தீர்ப்புச் சொன்னாங்கன்னு எவ்வளவு கோவப்பட்ட. நீ எந்திரிச்சுப் பேசுறதுக்கு முன்னால அவர ஒரு வார்த்த கேட்டியா?"

நான் கேட்கவில்லை. அவள் தோய்த்த உடுப்பை வாளியில் எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டி மேலே ஏறி, வீட்டுக்குப் போய்விட்டாள்.